பேரீச்ச மரங்களைத் திருப்பித் தந்தவர்கள்: அகதிகள் குறித்த நம் பிரசங்கங்கள் பற்றி ஒரு விமர்சனம்

அரகானிலிருந்து ரோஹிங்கிய முஸ்லிம்கள் துரத்தப்பட்ட செய்தி 2012இலும் பின்னர் 2017 ஆகஸ்டிலும் தமிழகத்தை எட்டியபோது, நம் மிம்பர்களிலும் இதழ்களிலும் ஒரே வார்ப்பில் அமைந்த ஓர் உரை பிறந்தது. அதன் அமைப்பை யாவரும் அறிவர். முதலில் மியான்மர் இராணுவத்தின் கொடுமைகள். அடுத்து நபி (ஸல்) அவர்களின் மதீனா ஹிஜ்ரத். பிறகு அன்ஸார்களின் தியாகம். அதன் உச்சமாக, தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் வரலாறு. முடிவில் துஆவும் நிதி வேண்டுகோளும். இவ்வுரையை விமர்சிக்கும் பொறுப்பு எனக்குச் சற்று அதிகமாகவே உண்டு. 2017இல் நானும் அதனை எழுதி வாசித்தேன். மாணவர்களுக்கு மாதிரியாகவும் கொடுத்தேன்.

அந்த மாதிரியின் குறையை எனக்குக் காட்டியவர் ஒரு மாணவர். ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது இழப்பீடு பட்டாதாரருக்குச் சென்றது. உழுதவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பயிற்சிப் பிரசங்கம் முடிந்த வேளையில் அம்மாணவர் கேட்டார்: “ஹஜ்ரத், அன்ஸார்களோட தோட்டம் அப்புறம் என்ன ஆச்சு?” வகுப்பில் சிலர் சிரித்தனர். எனக்கு உடனே விடை வரவில்லை. விடையோ, நான் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்தி வரும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருந்தது.

மதீனா ஒரு விவசாய ஊர். மக்காவாசிகள் வணிகர்கள், தோட்ட வேலை அறியாதவர்கள். அவர்கள் வெறுங்கையுடன் வந்திறங்கியபோது, தங்கள் பேரீச்ச மரங்களைத் தங்களுக்கும் வந்த சகோதரர்களுக்குமிடையே பங்கிட்டுத் தருமாறு அன்ஸார்கள் நபியவர்களிடம் வேண்டினர். நம் பிரசங்கங்கள் இங்கே நின்றுவிடுகின்றன; ஹதீஸ் நிற்கவில்லை. நபியவர்கள் அதனை மறுத்தார்கள். அதன்பின் வேறோர் ஏற்பாடு முடிவாயிற்று: வந்தவர்கள் தோட்டத்தில் உழைப்பார்கள், விளைச்சலில் பங்கு பெறுவார்கள், மரம் உரியவரிடமே இருக்கும். இரு சாராரும் அதற்கு இணங்கினர்.

இமாம் புகாரி இந்த ஹதீஸை அன்ஸார்களின் சிறப்புகளைக் கூறும் அத்தியாயத்தில் மட்டும் வைக்கவில்லை. வாரச் சாகுபடி பற்றிய கிதாபுல் முஸாரஆவிலும், ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய அத்தியாயத்திலும் அதனை மீண்டும் கொண்டுவருகிறார். தலைப்பிடுவதில்தான் புகாரியின் ஃபிக்ஹு இருக்கிறது என்பது நம் மத்ரஸாக்களில் முதலில் சொல்லித்தரப்படும் செய்தி. அந்த அளவுகோலின்படி, அகதிக்கு அடைக்கலம் தருவது அவருக்கு ஓர் ஒழுக்கச் சிறப்பாகவும் தெரிந்தது. நிலம், உழைப்பு, பங்கு ஆகியவற்றைப் பற்றிய ஒப்பந்தமாகவும் தெரிந்தது. நம் பிரசங்கம் முதல் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மூடிவிடுகிறது.

இதன் மறுபாதி முஸ்லிமின் ஜிஹாத் பகுதியில் உள்ளது. ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்களுக்குச் சொந்த வருவாய் ஏற்பட்டது. அப்போது, அன்ஸார்கள் பயன்பாட்டுக்காக அவர்களுக்கு அளித்திருந்த மரங்கள் உரியவர்களிடம் திருப்பித் தரப்பட்டன. அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அளித்த மரங்களை நபியவர்கள் உம்மு ஐமன் (ரலி) அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அவற்றைத் திருப்பித் தர உம்மு ஐமன் இணங்கவில்லை. நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பத்து மடங்கு அளவுக்கு ஈடு கொடுத்து மனநிறைவு பெறச் செய்தார்கள். உடையவரின் உரிமை மீட்கப்பட்டது. இழக்க அஞ்சிய முஹாஜிர் பெண்மணியின் அச்சமும் மதிக்கப்பட்டது. மாணவரின் கேள்விக்கு இதுதான் விடை: தோட்டம் திரும்பி வந்தது, திரும்பி வரும் வகையில்தான் கொடுக்கப்பட்டது.

இந்த வெளிச்சத்தில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரைப் பார்ப்போம். 2017 ஆகஸ்ட் 25க்குப் பின் சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றைக் கடந்து உக்கியா, தெக்னாஃப் பகுதிகளை அடைந்தனர். சர்வதேச உதவி வந்து சேருமுன் அவர்களுக்குச் சோறும் முற்றமும் தந்தவர்கள் அவ்வூர்களின் சிறு விவசாயிகளும் மீனவர்களும் கூலியாட்களும்தாம். அவர்கள் அன்ஸார்களே, ஐயமில்லை. ஆனால் அதற்குப்பின் நிகழ்ந்தவற்றை நம் உரைகள் சொல்வதில்லை. வந்தவர்களுக்கு முறையான வேலை உரிமை இல்லை. எனவே அவர்கள் மறைவாகக் குறைந்த கூலிக்கு உழைக்க நேர்ந்தது. உள்ளூர்க் கூலியாளின் கூலியும் சரிந்தது. விறகுக்கும் குடிசைக்கும் காடு அழிந்தது. ஆயிரக்கணக்கான குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை இறைத்தன. முகாம்களை ஒட்டிய வயல்களில் கழிவு தேங்கியது. 2017இலேயே நாஃப் ஆற்றில் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டு அது பல்லாண்டுகள் நீடித்தது. வலையை நம்பிய குடும்பங்கள் தொழிலிழந்தன. வீட்டை வாடகைக்கு விட்டவர், லாரி வைத்திருந்தவர், கடை நடத்தியவர் ஆகியோர் பயனடைந்தனர். முதலில் கதவைத் திறந்த ஏழையே அதிகம் இழந்தார்.

குறை மனங்களில் இல்லை, ஏற்பாட்டில்தான் இருந்தது. 2018 முதல் முகாம்களுக்குச் சமையல் எரிவாயு வழங்கப்பட்டவுடன் விறகுக்காகக் காடு வெட்டப்படுவது வெகுவாகக் குறைந்தது என்பது இதற்குச் சான்று. எத்தனை உபதேசங்கள் செய்திருந்தாலும் அடுப்பு எரிய வேண்டிய தாய் காட்டுக்குப் போவதை நிறுத்தியிருக்க முடியாது. ஓர் எரிவாயு உருளை நிறுத்தியது. விருந்தாளியின் தேவையையும் விருந்தோம்புவோரின் உடைமையையும் ஒருசேரக் கணக்கில் கொள்ளும் இத்தகைய ஏற்பாட்டைத்தான் மேற்கண்ட ஹதீஸ் கற்பிக்கிறது.

நம் உரையில் இன்னொரு பிழையும் உண்டு. அது சொல்லைப் பற்றியது. ரோஹிங்கியரை ‘முஹாஜிர்’ என அழைத்தவுடன், அச்சொல் தன்னோடு ஒரு முடிவையும் கொண்டுவந்துவிடுகிறது. மதீனாவுக்குப் போனவர்கள் ஹிஜ்ரி 8இல் வெற்றியாளர்களாக மக்காவுக்குத் திரும்பினர். ரோஹிங்கியரோ 1978இல் துரத்தப்பட்டனர், திருப்பி அனுப்பப்பட்டனர், 1982ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர், 1991–92இல் மீண்டும் துரத்தப்பட்டனர், மீண்டும் பெருமளவில் திருப்பி அனுப்பப்பட்டனர், 2017இல் மீண்டும். சூரத்துந் நிஸா, வெளியேற வழியோ வகையோ இல்லாத ஆடவர், பெண்டிர், குழந்தைகளைப் பலவீனமாக்கப்பட்டோர் எனத் தனியே பிரித்துக் கூறுகிறது. அச்சொல்லே இவர்களுக்கு நெருக்கமானது. ஒரு தலைமுறைக்கு மேலாகத் தொடரும் அவலத்தை எட்டாண்டுகளில் முடிந்த வரலாற்றின் சட்டகத்தில் அடைத்தால், இடம் கொடுத்தவர் எத்தனை காலம் சுமக்கிறார் என்பது கண்ணில் படாது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2012க்குப் பின் தமிழகம் வந்த ரோஹிங்கியக் குடும்பங்கள் சில, செங்கல்பட்டு மாவட்டத்தின் கேளம்பாக்கத்தில் ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டன. மொத்தத்தில் நூறு பேர் அளவுதான். ஆடவர் பலரும் பழைய பொருள்களையும் கழிவுகளையும் பொறுக்கி விற்றுப் பிழைத்தனர். பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போயினர். அங்கிருந்து வண்டலூர் வந்து வாலாஜாபாத் சாலையில் திரும்பினால், சுமார் 40 கிலோமீட்டரில் ஒரகடம். ஒடிசா, பீகார், அஸ்ஸாம், மேற்கு வங்கம் என வெகுதொலைவிலிருந்து ஆட்களை வரவழைக்கும் தொழிற்பகுதி அது. அவ்வளவு அருகிலிருந்தும் ரோஹிங்கியர் அதன் வாயிலில் நிற்க இயலாது. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை வேலைக்கான அனுமதி ஆகாது. தோட்டத்தில் உழைத்துப் பங்கு பெறும் வழி மூடப்பட்டவருக்கு எஞ்சுவது குப்பைமேடு ஒன்றே. ஸஅத் (ரலி) அவர்கள் பாதிச் செல்வத்தைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் கேட்டது சந்தைக்கு வழி. நாம் ஸஅதின் கொடையை வருணிக்கிறோம். அப்துர் ரஹ்மானின் கோரிக்கையை எவரிடமும் எடுத்துச் சொல்வதில்லை.

திருப்பெரும்புதூர் வட்டாரத்துக்கு இவ்விஷயத்தில் இரண்டு நினைவுகள் உண்டு. ஒன்று 1991 மே 21. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின், அக்குற்றத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற ஈழ அகதிகள் தமிழகமெங்கும் சந்தேகத்துக்கு ஆளாயினர். பிள்ளைகளின் கல்வி தடைபட்டது. 1992 முதல் பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்னும் குர்ஆனின் நெறி மீறப்படும்போது நேர்வது என்ன என்பதை அவர்களிடம் கேட்டறியலாம். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ரோஹிங்கியரையும் ஈழத்தமிழரையும் ஒருசேர வெளியே நிறுத்தியது. அகதியின் துயரை ‘நம்மவர் துயர்’ என மட்டும் பேசுகிற நம் பிரசங்கம், அருகில் நிற்கும் இந்தத் தோழரைக் காணவில்லை.

மற்றொரு நினைவு நிலம் பற்றியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது முதல் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் ஆலைகளாக மாறிவந்துள்ளன. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022இல் போராடத் தொடங்கினர். சொந்த ஊரிலேயே நிலமிழந்தவரிடம், “வந்தவருக்கு இடம் கொடு” என்று மட்டும் சொல்லும் பிரசங்கம் செவியேறாது. அவருடைய இழப்பையும் எண்ணிப் பார்க்கும் மார்க்கம் இது என்பது முதலில் அவருக்குத் தெரிய வேண்டும்.

விருந்தோம்புவோரின் இழப்பைப் பேசுவது அகதிகளை வெறுப்போருக்கு ஆயுதம் தருவதாகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சமே. வங்க மொழி பேசும் தொழிலாளரெல்லாம் ஊடுருவியவர் என்று ஐயுறப்படும் காலம் இது. ஆயினும் நாம் மௌனம் காத்தால் அந்த இழப்பு மறைந்துவிடாது. அதனைப் பேசும் உரிமை வெறுப்போரின் கைக்கு மாறும், அவ்வளவே. கூலியைக் குறைப்பவர் அகதி அல்லர். அவருக்கு உரிமை இல்லாததைப் பயன்படுத்திக்கொள்ளும் முதலாளியும் தரகருமே. இதனைச் சொல்ல, கூலி குறைந்ததை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

நாம் இங்கு ஆட்சியாளர்கள் அல்லர்; ஆகவே மதீனாவோடு ஹபஷாவையும் படிக்க வேண்டும். குறைஷியர் தூதனுப்பி அகதிகளை ஒப்படைக்கக் கோரியபோது, கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அவர்களுடைய வாதத்தைக் கேளாமல் அனுப்ப மறுத்தார். நாம் இந்திய அரசிடமும் நீதிமன்றங்களிடமும் கேட்க வேண்டியதும் அதுவே: ஒருவர் கூற்றைக் கேளாமல் அவரைக் கொலைக்களத்துக்கு அனுப்பாதீர், இருக்கும்வரை உழைத்துண்ண விடுங்கள்.

இப்போது மாணவர்களுக்குக் கொடுக்கும் மாதிரியை மாற்றியிருக்கிறேன். ஸஅத் (ரலி) அவர்களின் வரலாறு அதில் அப்படியே இருக்கிறது. அதன்பின் கிதாபுல் முஸாரஆவின் ஹதீஸும், மரங்கள் திரும்பிய செய்தியும், உம்மு ஐமன் (ரலி) அவர்களின் தயக்கமும் சேர்ந்துள்ளன. நிதி வேண்டுகோளுக்கு முன் இரண்டு கேள்விகள் வருகின்றன: வந்தவருக்கு உழைக்க வழி உண்டா? இடம் கொடுத்தவருடைய பிழைப்புக்கு என்ன ஈடு? உரை முன்பைவிடச் சற்று நீண்டுவிட்டது. கண்ணீர் குறைந்திருக்கலாம். கேள்வி கேட்ட அந்த மாணவர் தம் ஊர்ப் பள்ளியில் இதனை வாசித்தால், வாரத்துக்கு உழுத அவருடைய தந்தை முன்வரிசையில் அமர்ந்து கேட்க முடியும் என்று நம்புகிறேன்.