மூன்று டாலரும் ஏழு டாலரும்

உழைத்தால் பணக்காரனாகலாம் என்பதைக் கதையாகச் சொல்லிப் பெயர் வாங்கியவர்களில் அமெரிக்கரான ஹொரேஷியோ ஆல்ஜரைப் போல் பிரசித்தி பெற்றவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் எழுதிய நாவல்கள் நூறை ஒட்டி இருக்கும். பெரும்பாலானவற்றில் ஓர் ஏழைப் பையன் நேர்மையாக உழைத்து மேலே வருகிறான். அந்த நாட்டில் யாராவது ஏழையாகப் பிறந்து செல்வந்தரானால் 'ஆல்ஜர் கதை' என்று சொல்லுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் ஆல்ஜரை நிதானமாகப் படித்தவர்கள் அப்படிச் சொல்லச் சற்றுத் தயங்குவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நாவல் 'ராகிட் டிக்'. கந்தல் டிக் என்று தமிழில் சொல்லலாம். 1867-ல் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்து, 1868-ல் புத்தகமாயிற்று. டிக் நியூயார்க் தெருக்களில் ஜோடுகளுக்குப் பாலிஷ் போடும் பையன்; வயது 14. இரவில் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டிதான் படுக்கை. சோம்பேறி அல்ல. ஆனால் சம்பாதித்ததை நாடகக் கொட்டகையிலும் சாப்பாட்டிலும் அன்றன்றே தீர்த்துவிடுவான். இவன் திருந்தி, சேமித்து, படித்து, கடைசியில் ஒரு வியாபாரியின் காரியாலயத்தில் குமாஸ்தாவாகிறான். இவ்வளவுதான் கதை. கோடீசுவரனாகிவிடவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

இந்த முன்னேற்றத்தின் ஒவ்வொரு படியும் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கந்தல் போய் நல்ல உடுப்பு வந்தது, விட்னி என்ற கனவானின் மருமகனுக்கு ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டியதற்காக. பிரிந்து போகும்போது அந்தக் கனவான் கொடுத்த பணம் சேமிப்புக்குப் பிள்ளையார் சுழி போடுகிறது. நண்பன் பாஸ்டிக்குக்குத் தொப்பிக் கடையில் வேலை கிடைக்கிறது. சமயத்தில் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர் அங்கே வந்து சிபாரிசு செய்ததால். டிக்குக்கோ, படகிலிருந்து ஒரு குழந்தை தவறித் தண்ணீரில் விழுகிறது. அவன் குதித்துக் காப்பாற்றுகிறான். குழந்தையின் தகப்பனார் ராக்வெல், வாரம் 10 டாலர் சம்பளத்தில் அவனைக் குமாஸ்தாவாக வைத்துக்கொள்கிறார்.

அதற்கு முந்திய நாள் 3 டாலருக்கு வேலை கிடைத்திருந்தால்கூட அவன் சந்தோஷப்பட்டிருப்பான் என்று ஆசிரியரே எழுதுகிறார். ஆக, அந்த 10 டாலரில் 3 டாலர் உழைப்பின் கூலி. மீதி 7 டாலர் ஒரு தகப்பனின் நன்றி. இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டி, 'பார், உழைப்பின் பலன்!' என்று நம் கையில் கொடுத்துவிடுகிறார் ஆல்ஜர்.

ஏன் இப்படிச் செய்தார் என்பது கதை எழுதுகிற எனக்கு ஓரளவு புரிகிறது. உழைப்பைக் கதையாக்குவது கஷ்டம். நேற்றுப் போலவே இன்றும் ஜோட்டுக்குப் பாலிஷ் போட்டான் என்று எத்தனை பக்கம் எழுதுவது? குழந்தை தண்ணீரில் விழுந்தால் ஒரே அத்தியாயத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. கதைக்கு இது சௌகரியம். ஆனால் வாசகருக்கு நஷ்டம். 30 வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதிவிட்டு, சொந்த வீடுகூட இல்லாமல் ஓய்வு பெற்ற ஒருவரை நம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 'உழைத்தவன் உயர்வான்' என்பது விதியானால், உயராத அவர் உழைக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. அவர் கண் முன்னே எந்தப் படகிலிருந்தும் எந்தக் குழந்தையும் விழவில்லை, அவ்வளவுதான். வறுமையோடு அவமானத்தையும் சேர்த்துச் சுமக்கச் செய்யும் நீதியை நல்ல நீதி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆல்ஜரின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. ஹார்வர்டில் 1852-ல் பட்டம் பெற்றவர். ஓயாமல் எழுதினார். 1899-ல் இறந்தபோது அவர் பெரிய பணக்காரர் அல்ல. அவரைச் சோம்பேறி என்று யார் சொல்லுவார்கள்?

இவ்வளவு சொன்னதால் புத்தகம் வீண் என்று அர்த்தமில்லை. நல்ல பகுதி ஒன்று இருக்கிறது. டிக் தான் வாடகைக்கு எடுத்த சிறு அறையில் பாஸ்டிக்குக்கு இடம் கொடுக்கிறான். பதிலுக்குப் பாஸ்டிக் இரவு நேரங்களில் அவனுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறான். வேலை தருமுன் ராக்வெல் அவன் கையெழுத்தைப் பார்க்கிறார். அந்த இரவுகள் இல்லாதிருந்தால், குழந்தையைக் காப்பாற்றியதற்கு ஏதோ வெகுமதி கிடைத்திருக்கும். குமாஸ்தா உத்தியோகம் கிடைத்திருக்காது. வாய்ப்பு கதவைத் தட்டும் என்று உழைப்பால் உறுதி சொல்ல முடியாது. தட்டினால் எழுந்து திறக்கக் கையில் பலம் இருக்கச் செய்யலாம். தட்டாமலே போனாலும், எழுதப் படிக்கக் கற்றது டிக்கைவிட்டுப் போயிருக்காது. அந்த 3 டாலர் அவனுடைய சொந்தச் சம்பாத்தியம். ஆல்ஜர் அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கலாம்.