நிலாவில் ஒரு அண்டங்காக்கா

1995-ல் வந்த நின்டெண்டோவின் 'யோஷிஸ் ஐலண்ட்' கேமில் ராஃபேல்ங்கற அண்டங்காக்காதான் எனக்குப் பிடிச்ச பாஸ். சண்டை நடக்கறது ஒரு குட்டி நிலாவில். நாம நடக்க நடக்க நிலா உருளும். இங்கே நட்டிருக்கிற முளை மேல குதிச்சு அடிச்சா, அது அந்தப் பக்கம் வெளியே வந்து காக்காவைக் குத்தும். அதாவது எதிரியைத் துரத்தக் கூடாது. அவனுக்கு நேர் எதிர்ப்புறம் நிக்கணும். தரையே ஆயுதம்.

மூணே அடியில் முடிஞ்சிடும், ரொம்ப ஈஸிங்கறது நியாயமான குறைதான். ஆனா வட்டமான தரையில் யோசிக்கறதை இது கத்துக் குடுத்துடுது. குட்டிக் கோள்களைச் சுத்தி ஓடற 'சூப்பர் மாரியோ கேலக்ஸி' வந்தது 2007-லதான்.

தோத்த காக்கா வானத்தில் நட்சத்திரக் கூட்டமாகிடும். திருநள்ளாறு பக்கத்திலேயே இருக்கற கோவில்பத்துக்காரங்களுக்குக் காக்கா சனீஸ்வரனோட வாகனம். அது வானத்துக்குப் போறது நமக்குப் புதுசில்லை.