‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொய்!

உங்களிடம் ஒரு கேள்வி. ஏதாவது ஒரு இணையதளத்தின் ‘பயன்பாட்டு விதிமுறைகள்’ பக்கத்தைக் கடைசி வரி வரை படித்திருக்கிறீர்களா? மழுப்ப வேண்டாம். நானும் படித்ததில்லை, போன மாதம் வரைக்கும்.

படிக்க வைத்தவர் என் சித்தப்பா. ரிட்டயராகி வந்த பணத்தில் கொஞ்சம் ‘சும்மா கிடக்குதே’ என்று, பங்குச் சந்தைப் பாடம் நடத்தும் ஒரு இணையதளத்தில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தார். இரண்டே மாதத்தில் ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கினார். மூன்று லட்சத்துச் சொச்சம் போன பிறகு அவர்களுக்கு ஒரு மெயில் போட்டார். ஒரே வரியில் பதில் வந்தது: ‘விதி எண் 14-ஐப் பார்க்கவும்.’

‘‘நீ பி.காம். படிச்சவன்தானேப்பா... அந்தப் பதினாலு என்னன்னு பார்த்துச் சொல்லு’’ என்று வந்து நின்றார்.

பார்த்தேன். அந்தச் சூட்டோடு இதேபோல இன்னும் ஏழெட்டு நிதிப் பாட தளங்களின் விதிகளையும் உட்கார்ந்து படித்தேன். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஊரே ‘படித்தேன்’ என்று டிக் அடிக்கும் இந்த இலக்கியத்துக்கு ஒரு விமர்சனம் வேண்டாமா?

கதை எல்லா இடத்திலும் ஒன்றுதான். இங்கே இருப்பது கல்விக்காக மட்டுமே, ஆலோசனை அல்ல. தகவல் தப்பாக இருந்தால் நாங்கள் பொறுப்பல்ல. விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம். தொடர்ந்து வந்தீர்கள் என்றால் சம்மதித்ததாக அர்த்தம். உங்கள் விவரங்களை எங்கள் ‘பங்குதாரர்களுடன்’ பகிர்ந்துகொள்வோம். வழக்கு என்றால் எங்கள் ஊர் கோர்ட்டுக்கு வாருங்கள். கவனித்தீர்களா? கடமை என்று வந்தால் ‘நீங்கள்’, உரிமை என்று வந்தால் ‘நாங்கள்’!

நியாயமாகவும் பேசுவோம். ‘இது ஆலோசனை அல்ல’ என்ற வரியில் தப்பே இல்லை. பாடம் வேறு, ஆலோசனை வேறு. உங்கள் வீட்டுக் கடனும் அம்மாவின் மருந்துச் செலவும் தெரியாமல் ‘இதில் போடுங்கள்’ என்று யாரும் சொல்லக் கூடாது. வாராவாரம் இங்கே எழுதும் எனக்கும் அந்த வரி தேவைதான்.

ஆனால், முகப்புப் பக்கம் என்ன சொல்கிறது? ‘எங்கள் நிபுணர்களை நம்புங்கள், மாதாமாதம் சம்பாதியுங்கள்.’ கடைசிப் பக்கம்? ‘எங்களை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.’ முன்னது கொட்டை எழுத்தில், பின்னது பொடி எழுத்தில். கல்லூரியில் வணிகச் சட்டப் பாடத்தில் ‘வாங்குபவனே உஷார்’ என்ற கொள்கையைப் படித்தோம். 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில் அதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொறுப்பு விற்பவருடையது. அது சரக்குக்குத்தான். ஆனால், அந்த நியாயம் பாடத்துக்கும் பொருந்தும்தானே?

செபியும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லி வருகிறது. 2023 அக்டோபரில், பாடம் என்ற போர்வையில் பங்குப் பரிந்துரை செய்ததாக ஒருவர் மீது இடைக்கால உத்தரவு போட்டு, சுமார் 17 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னது. பாடம் மட்டும் நடத்துகிறவர் கடந்த மூன்று மாத விலையை வைத்து எந்தப் பங்கையும் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டது. ‘கல்விக்காக மட்டும்’ என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது!

இன்னொரு ஏமாற்று, கணக்குப் போட்டுக் காட்டும் கருவி. மாதம் 5,000 ரூபாய், 20 வருடம், 12 சதவிகிதம் என்று போட்டால் சுமார் 50 லட்சம் காட்டும். அதையே 8 சதவிகிதத்துக்கு மாற்றுங்கள்... 30 லட்சத்துக்கும் கீழே வந்துவிடும். விலைவாசி வருடம் 6 சதவிகிதம் ஏறினால், அந்த 50 லட்சத்துக்கே இன்றைய மதிப்பு பதினைந்தரை லட்சம்தான். கருவி பொய் சொல்லவில்லை. 12-ஐ முன்கூட்டியே நிரப்பி வைத்தது யார் என்பதுதான் கேள்வி.

செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்கு இரண்டு லட்சம். இதை எந்தப் பயிற்சித் தளமாவது முகப்பில் கொட்டை எழுத்தில் போடட்டும், நான் கைதட்டுகிறேன்.

அவர்கள் விதி போடும்போது நாமும் நாலு விதி போட்டுக்கொள்ளலாமே?

ஒன்று, இலவசப் பாடம் என்றால், இவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டீமேட் கணக்கு திறக்கும் லிங்க் இருந்தால் பதில் பெரும்பாலும் அங்கேதான். இரண்டு, ‘இதை வாங்கு’ என்று யாராவது சொன்னால் செபி பதிவு எண் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ., ஆய்வாளர் என்றால் ஐ.என்.ஹெச். என்று ஆரம்பிக்கும். செபி தளத்தில் சரிபார்த்துவிடலாம். மூன்று, முகப்பில் சொன்னதைக் கடைசிப் பக்கம் மறுத்தால், கடைசிப் பக்கத்தையே நம்புங்கள். நாலு, கற்றதைக் காகிதத்தில் மூன்று மாதம் போட்டுப் பார்த்த பிறகு பர்ஸைத் திறங்கள்.

சரி, அந்த விதி 14 என்ன? ‘இங்கு கற்றதை வைத்து நீங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் நாங்கள் பொறுப்பல்ல.’

படித்துக் காட்டினேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: ‘‘அப்ப எதுக்குடா கத்துக் குடுத்தாங்க?’’

மூன்று லட்சம் திரும்ப வராது. அது அவருக்கும் தெரியும். ஆனால், 18,000 ரூபாய் சேவைக் கட்டணம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அவர்கள் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை மனு எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.