அண்ட விடாத சாமி

நெல்லிக்குப்பத்துக்கு அருகில், கெடிலக் கரையில் இருக்கிறது திருமாணிக்குழி. அங்கே வாமனபுரீசுவரரை ஆற அமர நின்று பார்க்க முடியாது. கருவறை முன் எந்நேரமும் திரை தொங்கும். பதினொரு ருத்திரர்களில் ஒருவரான பீமருத்திரர் அந்தத் திரையில் காவல் இருக்கிறார் என்பது ஐதீகம். முதல் பூசை அவருக்கு. அதன் பிறகு தீபாராதனையின்போது திரை விலகும், சில நொடிகளில் மூடிவிடும். உள்ளே சுவாமியும் அம்மனும் சேர்ந்திருக்கிறார்கள், அதனால் மறைப்பு என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அந்தக் காரணத்தைவிடக் காவலாளிதான் முக்கியமாகப் படுகிறார். சம்பந்தர் பாடிய தலத்திலும் பார்க்க வந்தவனைச் சந்தேகத்தோடு நிறுத்திவைக்கும் ஒருவர் வாசலில் இருக்கிறார்.

தாவரவியலாளர்களுக்கும் இந்த ஊரின் பெயர் பழக்கம். புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்தசாரதியும் கார்த்திகேயனும் 1997இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, கடலூர்ப் பக்கத்து இரண்டு காடுகளைப் பற்றியது. ஒன்று குழந்தைக்குப்பம், இன்னொன்று திருமாணிக்குழி. இரண்டுமே சாமிக்கு விடப்பட்ட காடுகள். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு என்ற வகை இன்று பெரும்பாலும் இப்படிப்பட்ட கோயில் காடுகளில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மரங்களை அளந்து, இனம் பிரித்து எழுதப்பட்ட நல்ல ஆய்வு அது. சாமியைப் பற்றி அதில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. சாமிகளைப் பற்றி எழுதியவர்களோ மரத்தை எண்ணவில்லை. இந்த இரண்டு எழுத்துகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே வளர்ந்தவை. நடுவில் விடுபட்டுப்போனது அந்தச் சாமியின் குணம்.

குணம் என்று நான் சொல்வது இதைத்தான்: ஒரு மேட்டையோ தோப்பையோ குளக்கரையையோ தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு, ஆள் வாடை ஆகாமல், வந்தவர் எவரானாலும் நம்பாமல் இருப்பது. பழைய தென்னார்க்காட்டில் இதை முனி என்பார்கள். பச்சைவாழியம்மன் கோயில்களில் வாழ்முனி, செம்முனி, சடாமுனி என்று பெரிய பெரிய சுதை உருவங்களாக முழித்த கண்ணோடு உட்கார்ந்திருப்பவர்கள் ஊருக்குள் வந்து கொஞ்சம் பழகிவிட்ட முனிகள். பழகாதவருக்கு உருவம் கிடையாது. நட்டுவைத்த கல்லோ சூலமோ மரமோதான். அவரைப் பற்றி ஊரில் கேட்டால் கதை குறைவாகவும் நிபந்தனை அதிகமாகவும் வரும். உச்சிப் பொழுதில் அந்தப் பக்கம் போகாதே. செருப்போடு நுழையாதே. கீழே விழுந்த சுள்ளியைக்கூடப் பொறுக்காதே. முனிப் பாய்ச்சல் இருக்கிற தடத்தில் வாசல் வைக்காதே. ராத்திரியில் அது நேர்கோட்டில் ஓடும், குறுக்கே நின்றால் அடித்துவிடும்.

இந்த முனியைப் பேயோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் உண்டு. எழுதியவர்களிலும் உண்டு. தென்னார்க்காட்டில் களப்பணி செய்து இசபெல் நபோகோவ் எழுதிய நூல் 2000இல் வந்தது. பேய் பிடித்தவர்களையும் பேயோட்டுகிறவர்களையும் பற்றி அவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்ட புத்தகம் வேறு அதிகமில்லை. அதில் வரும் பேய்கள் அகாலத்தில் செத்தவர்கள், ஆசை அடங்காதவர்கள், தனியாகப் போகும் பெண்ணைப் பார்த்து ஒட்டிக்கொள்கிறவர்கள். கடைசியில் மயிர்க்கற்றையை மரத்தில் ஆணியடித்துத்தான் அதை ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. பேய்க்கு இடம் கிடையாது, ஆள் வேண்டும். முனிக்கு இடம் உண்டு, ஆள் வேண்டாம். முனி அடித்தது என்றால் நம்மீது அதற்கு ஆசை வந்ததாக அர்த்தமில்லை, நாம் அதன் எல்லைக்குள் போய்விட்டோம். பேயோட்டும் சடங்கும் முனிக்குச் செய்யும் சாந்தியும் வேறுவேறாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பேயை விரட்ட வேண்டும். முனியிடமிருந்து நாம்தான் விலக வேண்டும், போகிற போக்கில் ஒரு கோழியையோ ஒரு பானைப் பொங்கலையோ வைத்துவிட்டு.

இந்தச் சாமிகளைப் பற்றி வெளியார் எழுதியது தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வரிசையை ஒரு புத்தகமாக எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஐயனாரும் எல்லைத் தெய்வங்களும் அதில் தனியிடம் பெற்றார்கள். புறச்சமயத்தை வேரறுக்கப் போனவர் அதைப் பரப்பும்படியான புத்தகத்தை எழுதுவதா என்று அங்கிருந்தவர்கள் கிடப்பில் போட்டார்கள். 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. அடுத்து வந்த பெரிய பெயர் சென்னை பிஷப் ஹென்றி வைட்ஹெட். அவருடைய ‘தென்னிந்தியாவின் கிராம தெய்வங்கள்’ 1916இல் வந்தது. சிவனும் திருமாலும் உலகம் பூராவுக்குமான சக்திகள், கிராம தெய்வத்துக்கு அந்த ஊரின் காலராவும் மாட்டு நோயும்தான் கவலை என்று அவர் பிரித்தார். அவருக்கு இது ஒரு குறை. குறை என்கிற தொனியை எடுத்துவிட்டால் கவனிப்பு சரியானதே: இந்தச் சாமிக்கு ஓர் ஊருக்கு அப்பால் அக்கறை கிடையாது.

லூயி துய்மோன் 1950களில் ஐயனாரைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையின் திருப்பம். மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களிடையே வேலை செய்தவர் அவர். ஐயனாரைத் தனியாகப் பார்த்தால் விளங்காது, கறுப்பனோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒருவர் சைவம், மற்றவர் கிடா கேட்பவர். ஒருவர் எசமான், மற்றவர் ஏவலாள். கறுப்பனுக்கு வெட்டும்போது ஐயனார் சன்னிதியில் திரை போட்டுவிடுவார்கள் அல்லது கதவைச் சாத்திவிடுவார்கள். இந்த வாதம் பொருந்தும் இடங்கள் நிறைய. ஆனால் அமைப்பை வரைந்து காட்டும் அவசரத்தில் துய்மோன் நிலத்தை விட்டுவிட்டார். அந்த இருவரும் நிற்பது எங்கே? கண்மாய்க் கரையிலா, புதருக்குள்ளா, நாலு ஊர்ப் பாதை கூடும் இடத்திலா? 2004இல் வந்த ஈவ்லின் மாசிலாமணி-மேயரின் ‘தமிழ்நாட்டின் காவலர்கள்’ இந்தக் கேள்வியை மறுபடி எடுத்தது. காட்டுக்கும் குடியிருப்புக்கும் நடுவில் நிற்பவர்களாக அவர் இவர்களைப் பார்க்கிறார். நா. வானமாமலையிலிருந்து தொ. பரமசிவன் வரை நம்மவர்கள் எழுதியதில் இன்னொரு பலம் இருக்கிறது: சாமியின் கோபத்துக்குப் பின்னால் யார் யாரைக் கொன்றார்கள், எந்தச் சாதி எந்தச் சாதியை ஒதுக்கியது என்று கேட்க அவர்கள் தயங்கவில்லை.

அதைக் கேட்டே ஆக வேண்டும். ஒதுங்கி வாழும் தெய்வம் என்று சொல்லிவிட்டு அழகுபார்ப்பது சுலபம். யாரை ஒதுக்குகிறது என்று பார்த்தால் அழகு குறையும். தீட்டு என்று பெண்களைத் தள்ளி நிறுத்தும் தோப்புகள் உண்டு; சேரி மக்களின் பொங்கல் பானை எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்று கோடு போட்ட தோப்புகளும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து ஒரு கிராமத்தை வைத்து டயான் மைன்ஸ் 2005இல் எழுதிய ‘உக்கிர தெய்வங்கள்’ இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சாமியின் எல்லை எதுவென்று சண்டை போடும்போது ஊரார் தங்களில் யார் பெரியவர் என்றுதான் சண்டை போடுகிறார்கள். சாமியின் சந்தேகத்தில் ஒரு பங்கு ஊரின் சந்தேகம்.

சிதம்பரத்தில் இந்தக் குணத்தின் பழைய வரலாறு ஒன்று கிடைக்கிறது. ஊருக்கே பெயர் கொடுத்த தில்லை மரம் அண்டவிடாத மரம்தான். கிளையை ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வையை மறைக்கும். ஊருக்குள் அது இன்று இல்லை, பிச்சாவரத்து உப்பங்கழியில் இருக்கிறது. அந்தத் தில்லைவனம் முதலில் காளியுடையது என்பது தலபுராணத்தின் உட்கிடை. நடராசரோடு ஆடித் தோற்றாள், எல்லைக்கு வெளியே போய்விட்டாள். ஊரின் வடக்கு விளிம்பில் தில்லைக்காளி கோயிலில் அவள் உக்கிரமாகவும், நான்கு முகத்துப் பிரம்மசாமுண்டீசுவரியாகச் சாந்தமாகவும் இருக்கிறாள். 13ஆம் நூற்றாண்டில் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் எழுப்பிய கோயில் என்பார்கள். 1980இல் வந்த ‘தமிழ்க் கோயில் தொன்மங்கள்’ நூலில் டேவிட் ஷுல்மன் இதுபோன்ற கதைகளை வரிசையாக எடுத்துப் பேசுகிறார்: மண்ணோடு கட்டுண்ட ஒரு தேவி, வெளியிலிருந்து வரும் சிவன், ஒரு மோதல், ஓர் ஒப்பந்தம். எனக்கு ஒன்று தோன்றுகிறது. வென்றவரும் அந்த இடத்தின் பழைய பழக்கத்தை விடவில்லை. சிதம்பர ரகசியத்துக்கும் திரைதான் போட்டிருக்கிறார்கள்.

சங்கப் பாட்டுகளில் மலையிலும் சுனையிலும் துறையிலும் இருந்து வருத்தும் சூரும் அணங்கும் இந்தச் சாமிகளின் மூதாதையர். அந்த வருத்தும் சக்தி பெண்ணுடலோடு சேர்ந்தது என்று ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வாதிட, அப்படிச் சுருக்கக் கூடாது என்று வி.எஸ். ராஜம் 1986இல் மறுத்தார். பாட்டுகளில் இடம் எவ்வளவு அழுத்தமாக வருகிறது என்று பார்த்தால் ராஜம் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது.

மற்ற இடங்களிலும் இவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ருசியக் காட்டின் லேஷி வழிப்போக்கனைச் சுற்றிச் சுற்றி அலையவிடும். சட்டையைத் திருப்பிப் போட்டால் தப்பலாம். மகாபாரதத்துக் குளக்கரை யட்சன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்தவர்களைச் சாய்த்தான். ஆனால் நமக்கு அருகில் இருக்கும் இலங்கை உதாரணத்தில்தான் பாடம் அதிகம். நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ நூல், காட்டுக்கும் குளத்துக்கும் காவலான ஐயனாரைப் பற்றிப் பேசுகிறது. அங்கே காட்டுக்குள் நுழைகிறவர் ஒரு பச்சைக் கொப்பை முறித்து வழியோர மரத்தில் தொங்கவிட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார். கெடிலக் கரையில் குற்றம், இலங்கைக் காட்டில் காணிக்கை. மரத்தைத் தொடலாமா என்பது இரண்டு இடத்திலும் இரண்டாவது கேள்வி. கேட்காமல் நுழையலாமா என்பதுதான் முதல் கேள்வி.

இடத்தோடு கட்டுண்ட சாமி கடல் தாண்டிப் போனது எப்படி? பிடிமண் எடுத்துத்தான். பழைய இடத்து மண்ணில் ஒரு பிடி கொண்டுபோய்ப் புது இடத்தில் போட்டால் சாமி அங்கேயும் இருக்கும். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் முனியாண்டியாகவும், சிங்கப்பூரில் 1930களில் ரயில்வே தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட்ட முனீசுவரனாகவும் அவர் இருந்தார். பிற்பாடு அவருக்குக் கோபுரமும் நிர்வாகக் குழுவும் வந்தன.

நான் இந்த எழுத்துகளையெல்லாம் படித்து வந்தடைந்த இடம் இதுதான்: சாமி சிடுசிடுப்பாக இருந்தவரை காடு இருந்தது, சாமி பழக ஆரம்பித்ததும் காடு போயிற்று. பயம் காட்டைக் காத்தது என்று கோயில் காடு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். மாதவ் காட்கிலும் வர்தக்கும் 1976இல் மேற்குத் தொடர்ச்சி மலைக் கோயில் காடுகளைப் பற்றி எழுதியதிலிருந்து இது வாய்ப்பாடாகிவிட்டது. 2013இல் எலைசா கென்ட் ஒரு குறுக்குக் கேள்வி போட்டார். தமிழ்நாட்டுக் கோயில் காடுகளில் களப்பணி செய்த அவர், சூழலைக் காக்க வேண்டுமென்று யாரும் அவற்றை விட்டுவைக்கவில்லை என்கிறார். அவை உக்கிரமான தெய்வங்களின் ஆட்சிப் பகுதிகள். பச்சை அரசியலை நாம் பின்னால் ஏற்றிப் பார்க்கிறோம். கென்ட் சொல்வது சரியென்றால் இன்னொன்றும் சரி. பக்தி கூடினால் காடு கூடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

புத்துப்பட்டைப் பாருங்கள். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சுற்றிய காடு அது. விசாலாட்சி 1995இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எத்தனையோ பேர் அங்கே அளந்திருக்கிறார்கள். ஐயனாருக்கு அங்கே பயபக்திக்குக் குறைவில்லை. கூட்டம் வருகிறது, அதனாலேயே வண்டி நிறுத்த இடம் வேண்டும், பொங்கல் வைக்க அடுப்பு வேண்டும், சுள்ளி வேண்டும், மண்டபம் வேண்டும். புதுச்சேரிக்கு வடமேற்கே ஊரணி, ஒலகாபுரம் ஆகிய இரண்டு காடுகளை ராமானுஜமும் கடம்பனும் ஒப்பிட்டு 2001இல் எழுதியது இன்னும் நுட்பமானது. ஒலகாபுரத்தில் தாவர வகைகள் ஊரணியைவிட அதிகம். அதைக் கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. கட்டுப்பாடு தளர்ந்த காட்டில் வெயில் விழுந்து புல்பூண்டு பெருகியதால் வந்த எண்ணிக்கை அது. ஆள் புகாத காட்டில் வகை குறைவு, மரம் அதிகம்.

ஆள் புகாத காடு என்பதை உவமையாகச் சொல்லவில்லை. உள்ளே போகவே முடியாது. காசானும் வீரையும் காட்டு எலுமிச்சையும் அதிக உயரம் போகாமல் நெருங்கி நிற்கும். முரட்டுக் கொடிகள் குறுக்கே பின்னியிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையை வாங்கிக்கொண்டு, சுற்றிலும் முந்திரிக்காடும் கரும்புக் கொல்லையும் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் சித்திரையிலும் இலை உதிர்க்காமல் இருட்டாக நிற்கும். பட்டப்பகலில் இரண்டடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் வேறு எந்தக் குணத்தோடு ஒரு சாமி இருக்க முடியும்? கொடியை அறுத்து, சிமென்ட் பாதை போட்டு, குழல்விளக்கு மாட்டினால் உள்ளே இருப்பவரின் குணமும் மாறத்தான் செய்யும். கும்பாபிஷேகம் ஆன முனி அருள்பாலிக்கிறார். அடிப்பதில்லை.

2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோவில் காட்டைத் தமிழ்நாடு அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மதுரை அரிட்டாபட்டிக்கு 2022இல் கிடைத்த தகுதி அது, மாநிலத்தில் இரண்டாவது. பரப்பு 4.97 ஹெக்டேர். ஊரார் அங்கே வீரணனைக் கும்பிடுகிறார்கள். இது நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கெடிலக் கரைக் காடுகளுக்கும் நாளைக்கு இப்படி ஒரு யோசனை வந்தால், அறிவிப்புக்கு முன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. மரங்களின் பட்டியல் ஏற்கெனவே உண்டு. அதன் பக்கத்திலேயே நிபந்தனைகளின் பட்டியலும் வேண்டும். எந்தக் கல்லுக்கு அப்பால் செருப்பு ஆகாது, எந்தப் பொழுதில் போகக் கூடாது, சுள்ளி பொறுக்க யாருக்கு எந்த நாளில் உத்தரவு, அந்த உத்தரவு யாருக்குக் கிடைக்கவே கிடைக்காது, கடைசியாக அதை மீறியவர் யார், ஊர் அவரை என்ன செய்தது என்றெல்லாம் கேட்டு எழுத வேண்டும். பூசாரியிடம் மட்டும் கேட்டால் போதாது. ஆடு மேய்க்கிறவர்களிடமும் கரும்பு வெட்டப் போகிறவர்களிடமும், உள்ளே வரக் கூடாது என்று நிறுத்தப்பட்டவர்களிடமும் கேட்க வேண்டும்.