முப்பத்தைந்து உள்ளேயா, வெளியேயா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் வெட்டியிருக்கு. குடத்தில் பேர் போட 919-ல் வயது 30க்கு மேல், 60க்குக் கீழ். 921-ல் அதைத் திருத்தி 35க்கு மேல், 70க்குக் கீழ். சரியா 35 ஆனவர்? எனக்கு அவர் வெளியே. நீங்க உள்ளேன்னு படிக்கலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் ஸ்லைஸும் இதே கதைதான். தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. பக்கத்துக்கு 20 பேர்னு ஒரு உறுப்பினர் பட்டியலை ஸ்லைஸ்(0, 19), ஸ்லைஸ்(20, 39) என்று வெட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் இருபதாவது ஆள் காணோம், பிழைச்செய்தியும் இல்லை. ஆவணம் விளக்கத்தில் சொல்லுது, மறுக்கலை. ஆனா 'முடிவு' என்ற பெயரே வழி தப்ப வைக்குதே! 'இதற்கு முன் நிறுத்து' என்று வைத்திருக்கலாம். பக்கத்திலிருக்கும் ஸ்ப்ளைஸில் அதே இடத்து எண், எத்தனை உறுப்பை நீக்கணும் என்பதற்கு.