மேனேஜரின் காது

கூட்டம் எங்கே கை தட்டியது, எங்கே எழுந்து வெளியே போனது என்பதை எழுதி வைப்பவன் யார்? யாருக்காக எழுதுகிறான்? விமர்சனம் எழுதுகிற நாம் இதைப் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் கேட்க வைத்தது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' மூன்றையும் யூடியூப்காரர்களின் 'பப்ளிக் ரிவ்யூ' பாதித்துவிட்டதாம். முதல் காட்சி முடிந்து வருகிறவர்களிடம் மைக் நீட்டுவதற்குத் தியேட்டர் வளாகத்தில் இடம் தரக்கூடாதாம். இன்னொரு தயாரிப்பாளர் சங்கம், மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது.

பார்வையாளனின் கருத்து வேண்டாம் என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. தன்னிடம் மட்டும் வந்து சேரட்டும் என்றுதான் சொல்கிறான்.

கீத் நிறுவனத்தின் வாட்வில் கொட்டகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், பாட்டு, கோமாளி, கழைக்கூத்து, பழக்கிய நாய் என்று ஒரே டிக்கெட்டில் பல அயிட்டங்கள். திங்கட்கிழமை புது நிகழ்ச்சி தொடங்கியதும் ஒவ்வொரு ஊர் மேனேஜரும் உட்கார்ந்து பார்த்து தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட் எழுதுவார்: எத்தனை நிமிடம், எவ்வளவு கைதட்டல், எந்த வசனத்தை வெட்டச் சொன்னேன். 1902 முதல் 1923 வரையிலான பதிவேடுகள் இன்று அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: விமர்சனம் என்ற வகையில் அவை அசலானவை. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நடப்பதைத்தான் அந்த ஆள் பார்க்கிறார். நம் பத்திரிகைகளில் நாடக விமர்சனம் எழுதுபவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது திரும்பி, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறோம்? (நான் பார்த்ததில்லை.)

ஆனால் அந்தக் காகிதம் மேலேதான் போனது. கலைஞனின் பிழைப்பு அதில் தொங்கியது. சிரித்தவனுக்கோ தன் சிரிப்பு ஒரு கணக்கில் ஏறியது தெரியவே தெரியாது.

நம் நாடகக் கொட்டகையில் வேறு வழி இருந்தது. 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினால் ராஜா செத்துக் கிடந்தாலும் எழுந்து மறுபடி பாட வேண்டும். படித்தவர்கள் இதை நாகரிகமில்லாத ரகளை என்றார்கள். எனக்கென்னவோ இடைத்தரகு இல்லாத விமர்சனம் அதுதான் என்று படுகிறது. ஊமைப்படக் காலத்திலும் இந்தச் சத்தம் ஓயவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்ல, ரீல் மாற்றும் இடைவெளியில் நடனம், குஸ்தி என்று ஓடியது. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய கொட்டகைக்குப் பெயரே 'வெரைட்டி ஹால்'.

1927-இல் வெள்ளை சர்க்கார் இந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தது. சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் சினிமா விசாரணைக் குழு. ஊர் ஊராகச் சாட்சியம், 1928-இல் அறிக்கை. கொட்டகைக்காரர்கள், அதிகாரிகள், கனவான்கள் எல்லாரும் வந்து 'பாமரருக்கு என்ன பிடிக்கும்' என்று சொன்னார்கள். அந்தப் பாமரர்தான் சாட்சிக் கூண்டில் அநேகமாக இல்லை. கீத் மேனேஜரின் ரிப்போர்ட் இங்கே ஆட்சியின் ஆவணமாகிறது.

தாம்பரம் பக்கம் வருவோம். 1931-இல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் வந்த பிறகு தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த ஊர்கள் இவை. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனி தந்தது. தோல் பதனிடும் கூலியும், ரயில்வேக்காரரும், விமானப்படை ஆளும், கிறித்தவக் கல்லூரி மாணவனும் ஒரே கொட்டகைக்குள் உட்கார்ந்தார்கள். தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகை, அங்கே இருக்கையை நிர்ணயித்தது சாதி அந்தஸ்து அல்ல, காசு என்று கா. சிவத்தம்பி எழுதியது இதைப் பற்றித்தான். காசும் சும்மா இல்லை. தரை, பெஞ்சு, சேர் என்று பிரித்தது. ஆனால் விசில் தரையிலிருந்துதான் கிளம்பியது, மேனேஜரின் காதும் அங்கேதான் இருந்தது. எந்தப் பாட்டுக்கு ஜனம் பீடி பிடிக்க எழுந்து போகிறது, இடைவேளையில் கேண்டீனில் வாயைத் திறக்கிறதா, உம்மென்று டீ குடிக்கிறதா — படம் எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கொட்டகைக்காரர்கள் இதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். விநியோகஸ்தருக்குப் போன டி.சி.ஆரில் இது எதுவும் இருக்காது. டிக்கெட் எத்தனை, வசூல் எவ்வளவு, அவ்வளவுதான்.

இன்று குரோம்பேட்டை வெற்றி தியேட்டர் வருஷக் கடைசியில் தன் அரங்கில் அதிகம் ஓடிய பத்துப் படங்களின் பட்டியலை வெளியிடுகிறது. ரசிகர்கள் அதை வைத்து அடித்துக்கொள்கிறார்கள். மேனேஜரின் நோட்டு முதல் முறையாகத் தெருவுக்கு வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் வந்தது ஓடின பக்கம் மட்டும். பாதியில் எழுந்து போனவனின் பக்கம் பட்டியலில் இல்லை. அதைத்தான் வாசலில் நிற்கிற மைக் பிடித்துக் கொடுக்கிறது.

அந்த மைக்கை நான் கொண்டாடவில்லை. காசு வாங்கிப் பாராட்டும் வாய்களும் உண்டு, கேமராவுக்காக மட்டும் கத்துகிறவர்களும் உண்டு. பெரிய சத்தம் போடுபவனையே அது தேடிப் போகிறது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பார்க்கிற பெண்ணிடம் யாரும் நீட்டுவதில்லை. இத்தனைக்கும் நடுவில் அங்கே நடப்பது ஒன்று இருக்கிறது: படம் பார்த்தவன், இன்னும் பார்க்காதவனிடம் நேரடியாகப் பேசுகிறான். தயாரிப்பாளருக்கோ, கமிட்டிக்கோ, நமக்கோ அல்ல. 'காசு தண்டம்டா, போகாதே' என்கிறான். இதே வாக்கியம் கேண்டீனில் மேனேஜரின் காதில் மட்டும் விழுந்தவரை யாரும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை.