வாதி இல்லாத கியாமத்: 'இயர் ஸீரோ' இசைத்தட்டைக் கேட்டபின்

மருமகன் டோஹாவில் வேலை செய்த காலத்தில் வாங்கி வந்த இறுவட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. பெயர் 'இயர் ஸீரோ', அதாவது பூச்சிய ஆண்டு. நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற பெயரில் இசைக்கும் அமெரிக்கர் ட்ரெண்ட் ரெஸ்னர் 2007 ஏப்ரலில் வெளியிட்டது. முதல்முறை அதைப் போட்டபோது அடுப்படியிலிருந்து ராத்தா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி இது, நெல்லு மில்லுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றா. இன்டஸ்ட்ரியல் என்று சொல்லப்படும் இந்த இசைக்கு அதைவிடச் சுருக்கமான வரைவிலக்கணத்தை நான் எங்கும் வாசிக்கவில்லை. ஆலை, இயந்திரம், மின்சாரம் கிழியும் சத்தம். கறாராகப் பார்த்தால் இந்த இறுவட்டு ரொக் வகைதான். மெட்டலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்னத்துக்கு எழுதவேணும் என்று கேட்பீர்கள். இசை கூடுமா கூடாதா என்ற வழக்கை நான் எடுக்கவில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் குடும்பத்து இசையைத் தம் விருப்பமில்லாமல், காதைப் பொத்த வழியில்லாமல், நாட்கணக்கில் கேட்க வைக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள். அந்தக் கதை பிறகு வரும்.

முதலில் ஒளித்து வைத்த விஷயம். ரெஸ்னருக்கு இது பழைய பழக்கம். 1992இல் வந்த 'ப்ரோக்கன்' என்ற அவரது சிறிய தட்டில் ஆறு பாடல்கள் முடிந்தபின் 7 முதல் 97 வரை ஒவ்வொரு விநாடி மௌனம். 98லும் 99லும் இரண்டு பாடல்கள் பதுங்கியிருந்தன. அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். 'இயர் ஸீரோ'வில் அதே விளையாட்டுக்குக் காரணம் வந்துவிட்டது. இறுவட்டு வெளிவருமுன், 2007 பெப்ரவரியில், லிஸ்பனில் கச்சேரி நடந்த மண்டபத்தின் கழிவறையில் ஒரு யூ.எஸ்.பி. கிடந்தது. அதற்குள் வெளிவராத பாடல் ஒன்று. பின்னர் வேறு நகரங்களிலும் இப்படியே. அப்படிக் கசிந்த பாடல் ஒன்றின் முடிவில் வரும் இரைச்சலைக் கணினியில் அலைப்படமாக விரித்துப் பார்த்தவர்களுக்கு, வானத்திலிருந்து கீழே நீளும் ஒரு கை தெரிந்தது. சுற்றுலாச் சட்டைகளில் தடித்து அச்சான எழுத்துகளைக் கூட்டினால் ஓர் இணையத்தள முகவரி. இறுவட்டுக்கூட சூடேறினால் கறுப்பிலிருந்து வெள்ளையாகி, மறைந்திருந்த இலக்கங்களைக் காட்டும்.

இதெல்லாம் வியாபாரத் தந்திரம்தானே என்றால், ஓம், அதுவும்தான். ஆனால் கதை நடக்கும் உலகத்தை யோசியுங்கள். தாக்குதல்களுக்குப் பிறகு அமெரிக்க அரசு முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு கிறிஸ்தவ மதவாத ஆட்சியாக மாறிவிடுகிறது. குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்து, கிருமித் தாக்குதலிலிருந்து பாதுகாப்பு என்று சொல்லி, சனங்களை மந்தமாக்கி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் பாட்டு கழிவறையில்தான் கைமாறும். நடப்பது 2022இல் என்று கற்பனை. (நிஜத்தில் 2022 எங்களுக்கு கேஸ் வரிசையிலும் எண்ணெய் வரிசையிலும் போனது. யாருடைய தீர்க்கதரிசனத்திலும் அது இருக்கவில்லை.)

பதினாறு பாடல்களும் ஒரே தரமில்லை. முதலாவது 'ஹைப்பர்பவர்!' வெறும் அணிவகுப்பு முரசும் கூட்டத்தின் கூச்சலும். சொல்லே இல்லாமல் ஒரு வல்லரசை நடக்க விடுகிறது. 'கெபிடல் ஜி'யில் பேசுபவரைப் பலர் புஷ் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் பேராசைக்கும் அதே முதலெழுத்துத்தான். அப்படிக் கேட்டால் பாட்டுக்கு ஆயுள் கூடுகிறது. 'கோட் கிவன்' இறைவனைத் தன் வீட்டுச் சொத்தாகக் கருதுகிறவனின் குரல், ஆட்டம் போட வைக்கும் தாளத்தில். அதைக் கேட்டு "அது அவங்கட மதத்தைப் பத்தித்தானே" என்று மருமகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எங்கட ஒலிபெருக்கிகளிலும் அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். நடுவில் சில பாடல்கள் இழுபடுகின்றன. இணையத்தில் சிதறிக் கிடந்த துண்டுகளைத் தேடிப் படிக்காதவருக்கு அங்கே யார் யாரோடு கதைக்கிறார் என்று விளங்காது. பாட்டைத் தாங்கவேண்டிய பாரத்தைப் புதிருக்குக் கொடுத்தது இந்த இறுவட்டின் பெரிய பலவீனம்.

பின்னட்டையில் ஒரு போலி எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது: இதை வைத்திருப்பதும் பரப்புவதும் அரச விரோதமாகக் கருதப்படலாம், அப்படிப்பட்டவர்களைத் தெரிந்தால் இந்த இலக்கத்துக்கு அறிவியுங்கள் என்று, அமெரிக்க ஒழுக்கப் பணியகம் என்ற இல்லாத ஒரு திணைக்களத்தின் பெயரில். 2007இல் அது பகிடி. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல் நடந்த நாட்களில், அறபு எழுத்து உள்ள எதையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆட்கள் திகைத்து நின்றபோது, ராத்தா என் அலுமாரியைத் துப்புரவாக்கினா. தப்ஸீர் நூல்களோடு இந்த இறுவட்டையும் எடுத்துச் சாக்கில் கட்டிவிட்டா. "இதுல கவர்மென்ட் வோர்னிங் போட்டிருக்கு தம்பி, இத ஏன் வச்சிருக்க?" ஒரு பாடகர் அமெரிக்காவுக்கென்று கற்பனை செய்த பயம் எங்கட அடுப்படியில் வேலை செய்தது. மூன்று மாதம் அது விறகு அறையில் கிடந்தது. ஒளித்து வைத்த பாடல்கள் என்றால் எனக்கு ஞாபகம் வருவது லிஸ்பன் அல்ல.

இனி என் குறைக்கு வருகிறேன். எங்களுக்குக் கியாமத் என்பது உலகம் நொறுங்குவது மட்டுமல்ல, கேள்வி கணக்கு. அநியாயம் செய்யப்பட்டவன் எழுந்து நிற்கும் நாள். ரெஸ்னரின் கியாமத்திலும் கணக்கு வருகிறது. கடைசிப் பாட்டான 'ஸீரோ-சம்'மில் குரல் தாழ்ந்து, நாங்கள் செய்ததற்கு வெட்கம் என்று ஒப்புக்கொள்கிறது. 'த குட் சோல்ஜர்' மணலில் நிற்கும் சிப்பாயின் சந்தேகத்தைச் சொல்கிறது. சும்மா சொல்லக்கூடாது, ஈராக் போர் நடந்துகொண்டிருந்தபோது இதைச் சொல்லத் துணிவு வேணும். ஆனால் அந்த மணலில் வீடு இருந்தவன் எங்கே? 'மை வயலன்ட் ஹார்ட்' எதிர்த்து நிற்பவனின் குரல். ஆனாலும் அதுவும் அந்த நாட்டுக்குள்ளேயே இருந்து பேசுவதாகத்தான் எனக்குக் கேட்கிறது. பிரதிவாதி ஒப்புக்கொள்கிறான், சாட்சி அழுகிறான், வாதி இல்லை.

வாதி வேறோர் இடத்தில் இருந்தான். குவாண்டனாமோ முகாமில் கைதிகளைத் தூங்கவிடாமல், புத்தி தடுமாறும் வரை உரத்த இசையைப் போட்டார்கள். அந்தப் பாடல்களில் நைன் இன்ச் நெய்ல்ஸ் பாடல்களும் இருந்தன என்ற செய்தி 2008 டிசம்பரில் பரவியது. ரெஸ்னர் பகிரங்கமாகக் கொதித்தார், வழக்குப் போடலாமா என்று பார்ப்பதாகச் சொன்னார், அடுத்த வருடம் முகாமை மூடச் சொன்ன கலைஞர்களோடு சேர்ந்துகொண்டார். அவரது நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்கின்னி பப்பி என்ற கனேடிய இன்டஸ்ட்ரியல் குழு 2014இல் இன்னொரு வழி பார்த்தது: தங்கள் இசையைப் பயன்படுத்தியதற்காக அமெரிக்க அரசுக்கு 666,000 டொலருக்குப் பில் போட்டார்கள். 666 அவர்களது வேதத்தில் மிருகத்தின் இலக்கம். பகிடி நல்ல பகிடிதான். ஆனால் அந்தப் பில்லிலும் கைதிக்கு ஒரு சதம் எழுதப்படவில்லை.

அரசின் ஆலைச் சத்தத்தை நையாண்டி செய்யப் பிறந்த இசை அரசின் கையில் ஆயுதமானது எப்படி? சத்தத்துக்குக் கருத்து கிடையாது என்பதால்தான். பாட்டின் எதிர்ப்பு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாத ஒருவனைக் கட்டி வைத்துக் காதுக்குள் ஊற்றும்போது மிஞ்சுவது மில் மட்டும். இதைத் தெரிந்துகொண்டபின் 13ஆவது பாடலான 'த கிரேட் டிஸ்ட்ரோயர்' கடைசியில் சிதறிப் பாயும் இரைச்சலை முன்புபோல் ரசிக்க எனக்கு முடியவில்லை. அதற்கு அடுத்ததாக வரும் 'அனதர் வெர்ஷன் ஒஃப் த ட்ரூத்' இரைச்சலில் தொடங்கி, மெல்ல மெல்ல அதைக் கழற்றிவிட்டு, தனிப் பியானோவாக நிற்கிறது. யாரும் பாடவில்லை. இறுவட்டில் காணாமல் போனவனுக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது என்றால் இங்கேதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ரெஸ்னர் அப்படி நினைத்தாரோ இல்லையோ.

போன பெருநாளைக்கு வந்த மருமகனிடம் அந்தப் பாட்டை மட்டும் போடச் சொன்னேன். பாதி போகும்போது ராத்தா கதவடியில் வந்து நின்றா.

"என்னடா மகன், கரன்ட் போயிட்டா?"